கதவு வைக்காத அறை

கணினியில் எந்த விளையாட்டும் ஓடாதபோதே ஹெட்போனுக்குள் யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. அவளுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன், தன் முதல் விளையாட்டுக்காகச் சாப்பாட்டு மேஜையை விரல் முட்டியால் தட்டி அவளே பதிவு செய்தது.

வாரம் ஆறு நாளும் ஊரார் வாய்க்குப் பல்செட் செய்து கொடுப்பவள் அவள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்தான் சொந்தம். அந்த நேரத்தில் கணினி விளையாட்டு உருவாக்குவாள். உருவாக்குவாள் என்பதைவிட ஆரம்பிப்பாள் என்று சொல்வதுதான் நியாயம். ஏழு ஆரம்பித்தாயிற்று, ஒன்றுகூட முடிந்தபாடில்லை. "ஆரம்ப சூரர் வேலைக்கு உக்காந்தாச்சு" என்று புருஷன் சிரிப்பான். அது அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். எட்டாவதை எப்படியும் முடித்துக் காட்ட வேண்டும் என்று 'தினம் அரை மணி நேரம்' என எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். பழையவை கண்ணில் பட்டால்தானே மனம் அலைபாயும்? அத்தனையையும் இன்று அழித்துவிடுவதாக முடிவு செய்திருந்தாள்.

முதல் விளையாட்டு, பூட்டிய வீட்டிலிருந்து தப்பிக்கும் ஒரு சிறுமியைப் பற்றியது. மகளின் முகத்தைப் பார்த்து வரைந்தாள், மகளையே பேச வைத்தாள். மகளுக்கு அப்போது ஐந்து வயது. நான்கு சுவரையும் எழுப்பிவிட்டு, கதவை நாளைக்கு வைக்கலாம் என்று எழுந்து போனவள்தான். சிறுமியைக் கண் இமைக்க வைப்பதும் அந்த நாளைக்கே தள்ளிப்போனது.

காலையில் மகளின் முழங்காலில் பிளாஸ்திரி ஒட்டும்போது அந்தப் பேச்சு வந்தது.

"அந்தப் பாப்பாவையும் அழிச்சிடுவியாம்மா?"

"அது வெறும் பொம்மைடி."

"பாவம்மா. ஒரு கதவாவது வெச்சுக் குடேன்."

"நாளைக்குப் பாக்கலாம், போ."

இப்போது புருஷன் ஞாயிறு ஷிப்டுக்குப் போயிருந்தான். வெளியே மழைமேகம் கட்டி, மூன்று மணிக்கே அறை மங்கிப்போயிருந்தது. சூடேறிய தூசி வாடை கணினியிலிருந்து வந்தது. ஹாலில் மகள் பார்க்கும் டிவியின் சிரிப்பொலி, கதவிடுக்கு வழியாக விட்டுவிட்டுக் கேட்டது. பழைய கோப்பில் ஏதோ கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்த முதல் விளையாட்டைத் திறந்தாள்.

அதே சாம்பல் நிற அறை. ஆனால் நடுவில் நிறுத்திவைத்த சிறுமி சுவரோரம் முதுகைக் காட்டி நின்றாள். நான்கு சுவரிலும், ஒரு குழந்தையின் கை எட்டும் உயரம்வரை, கீறல்கள். ஒன்றைக்கூட அவள் வரைந்ததில்லை.

சிறுமி திரும்பினாள்.

"அம்மா, கதவைத் திற."

அது பதிவு செய்த வசனம். அடுத்து வந்தது பதிவு செய்ததில்லை.

"அழிக்கப் போறியாமே?"

அவள் சட்டென்று விளையாட்டை மூடினாள். ஏழு விளையாட்டையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்து, அழி என்று அழுத்தினாள். பெரிய கோப்புகள், நேரமாகும். பச்சைக்கோடு நகர ஆரம்பித்தது. பத்து சதவீதம். இருபது. மூச்சு விட்டாள்.

ஹாலில் டிவி நின்றது.

மூன்று தட்டு.

மூடிய விளையாட்டு தானாகத் திறந்துகொண்டது. அறைக்குள் சிறுமி இரண்டு கையாலும் சுவரை அறைந்துகொண்டிருந்தாள். முழங்காலில் பிளாஸ்திரி. கன்னமெல்லாம் கண்ணீர். கண்கள் இமைத்தன.

"அம்மா! இங்க கதவே இல்லம்மா!"

ஐந்து வயதுக் குரல் இல்லை. இன்றைய குரல்.

நிறுத்து என்று அழுத்தினாள். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினாள். ஐம்பது. கணினியின் வயரைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை. அறுபது. கதவு. ஒரு கதவு வைத்தால் போதும். ஒரு கதவு வைக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. மூன்று வருடமாக அவளுக்குத் தெரிந்ததுதான்.

கோடு இழுத்தாள். அவசரத்தில் கோணியது. மறுபடி இழுத்தாள். எண்பது.

பின்னால் காலடி. வெறுங்கால். சின்னக் கால்.

மவுஸைப் பிடித்த அவள் கையின்மேல் ஜில்லென்று ஒரு கை வந்து படிந்தது. அசைய விடாமல் அழுத்தியது. திரையில் பாதிக் கதவு. தொண்ணூறு. அவள் தோளுக்குப் பக்கத்தில் மகளின் முகம், ஐந்து வயதில் இருந்த மாதிரியே. இமைக்காத கண்கள்.

"நாளைக்குப் பண்ணிக்கலாம்மா."