மூடியில் தேதி இல்லை

செல்போன் அதிர்ந்தது.

கடைக்காரன் சீட்டிலேயே துள்ளினான். திரையில் மனைவியின் பெயர். மூலையில் பேட்டரி, உயிரை விடப் போகும் சிவப்பில்!

வந்துவிட்டது செய்தி...

தொண்டையைச் செருமிக்கொண்டான். எப்படி அதிர்ச்சியடைய வேண்டும் என்று காலையில் குளிக்கும்போதே ஒத்திகை பார்த்தாகிவிட்டது. முதலில் 'என்ன சொல்ற?' பிறகு கொஞ்சம் மௌனம். பிறகு 'ஐயோ மச்சான்...' என்று குரல் உடைய வேண்டும். விமானத்தில் இருப்பவர்கள் அத்தனை பேரும் சாட்சி.

"ஹலோ..."

"என்னங்க, இன்னும் கெளம்பலையா?"

மனைவியின் குரலில் பதற்றம் இருந்தது. ஆனால் அவன் எதிர்பார்த்த பதற்றம் அல்ல. அழுகையைக் காணோம்.

"இல்ல, இங்கயே நிக்குது. என்ன விஷயம்? மச்சானுக்கு ஏதாவது...?"

"அண்ணனுக்கு என்ன? கடையில இருக்காரு. மழையில சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்கு வரல. பாப்பாவுக்குத்தாங்க... ஸ்கூல்லேர்ந்து கூப்பிட்டாங்க. ஒரே இருமல். கூட்டிட்டு வந்துட்டேன்."

"டாக்டர்கிட்ட போ."

"தெருவெல்லாம் தண்ணி, எங்க போறது? அண்ணன் கட்டில் பக்கத்துல இருமல் மருந்து இருக்குல்ல? அதுல ஒரு மூடி குடுத்துட்டு..."

திரை கறுத்தது.

"குடுக்காத! ஏய்... குடுக்காத!"

செத்துப்போன செல்போனிடம் கத்திக்கொண்டிருந்தான். முன் வரிசையில் இரண்டு தலைகள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் தொங்கின.

அந்த விமானத்தில் யாருக்கும் திரும்பிப் பார்க்கக்கூடத் தெம்பு இல்லை. ஓடுபாதையின் ஓரம்வரை ஒழுங்காக வந்த விமானம் அது. அங்கே வந்ததும் ஏதோ ஒரு விளக்கு எரிந்ததாம், எரியக்கூடாத விளக்காம். சரி, திரும்பிப் போகலாம் என்றால் நிறுத்துமிடம் காலியில்லை. மெக்கானிக் வரட்டும் என்றால் இடியும் மின்னலும் பிடித்துக்கொண்டன. மின்னல் அடிக்கும்போது தரை ஊழியர்கள் வெட்டவெளிக்கு வரக்கூடாது என்பது விமான நிலையச் சட்டம். ஏணி வராது, பஸ் வராது, ஒரு ஈ காக்கை வராது. ஏசியையும் அணைத்துவிட்டார்கள். பாதுகாப்பு அட்டையை விசிறியாக்கி ஆளாளுக்கு வீசிக்கொண்டிருந்தார்கள். டாய்லெட் வரிசை இறக்கை வரைக்கும் நீண்டிருந்தது.

மற்றவர்களுக்குப் போனது நேரம். கடைக்காரனுக்கோ, மகளின் உயிர்!

ஏனென்றால் அந்த இருமல் மருந்தில் விஷத்தைக் கலந்தவன் அவன்தான்.

கடைக்காரன் என்றால் மருந்துக்கடைக்காரன். கடையில் அவனும், அவன் மனைவியின் அண்ணனும் பங்கு. ஒரே வீட்டில்தான் குடித்தனம். மச்சான் கட்டைப் பிரம்மச்சாரி. வாழ்க்கையில் அவருக்கு இருந்த ஒரே ஆசை ஒழுங்கு. கடையிலோ வீட்டிலோ எந்த பாட்டிலைத் திறந்தாலும் மூடியின்மேல் கறுப்புப் பேனாவால் திறந்த தேதியை எழுதிவிடுவார். கடைக்காரனும் தேதி எழுதுகிறவன்தான். என்ன, கொஞ்சம் வேறு மாதிரி. காலாவதியான மருந்துகளின் பழைய தேதியை அழித்துவிட்டுப் புதுத் தேதியை அச்சடிப்பான்.

போன வாரம் அது மச்சான் கண்ணில் பட்டுவிட்டது. சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. ஊருக்குப் போய்விட்டு வந்ததும் நீங்களே அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நான் சொல்ல வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார். அந்த அமைதிதான் கடைக்காரனைக் கொலைகாரனாக்கியது.

மச்சான் தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மூடி இருமல் மருந்து குடித்துவிட்டுப் படுப்பார். விடியற்காலையில் அவர் நடைப்பயிற்சிக்குப் போன நேரம் பார்த்து, கட்டில் பக்கத்தில் இருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு விஷம் கலந்த பாட்டிலை வைத்தான். அதே கம்பெனி, அதே அளவு, அதே லேபிள். ருசி மாறாது, மணம் மாறாது. குடித்த உடனே ஒன்றும் தெரியாது. முதலில் விரல் மரத்துப்போகும். வியர்க்கும். தூக்கம் வரும். அப்புறம் இதயம் நிதானமாக நின்றுவிடும். வயதான மனுஷன், தூக்கத்திலேயே போய்விட்டார் என்று ஊர் சொல்லும். மாப்பிள்ளையோ ஆகாயத்தில்!

எடுத்த நல்ல பாட்டிலை வழியில் எறிந்துவிடலாம் என்று கைப்பையில் சொருகினான். எறிய நேரம் கிடைக்கவில்லை. விமானத்தின் புழுக்கத்தில் அவனுக்கே இருமல் பிடித்துக்கொண்டது. நல்ல மருந்தை எதற்கு வீணாக்க வேண்டும்? லேபிளைப் பார்த்தான், தேதி இருந்தது. பளிச்சென்று இருந்த வெள்ளை மூடியைத் திறந்து ஒரு மடக்கு குடித்தான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மடக்கு.

இப்போது மகள் குடிக்கப் போகிறாள்... அந்த இன்னொரு பாட்டிலை!

எழுந்து ஓடினான். முன்கதவுக்குப் பக்கத்தில் பணிப்பெண், உதட்டுச் சாயம் பாதி அழிந்த முகத்தோடு நின்றிருந்தாள்.

"கதவைத் தொறங்கம்மா. நான் எறங்கணும்."

"ஏணி இல்லை சார்."

"குதிக்கிறேன்!"

"ரெண்டு மாடி உயரம் சார்."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். வலிக்கிறது, ஹார்ட் அட்டாக் என்று முனகினான். அவள் அசையவே இல்லை.

"கதவு மூடினதுலேர்ந்து நீங்க நாலாவது ஹார்ட் அட்டாக் சார். மொத மூணு பேரும் இப்போ சீட்டு விளையாடிட்டு இருக்காங்க. போய் உக்காருங்க."

உட்காரவில்லை. வரிசை வரிசையாகப் போய்க் கெஞ்சினான். சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது, ஆனால் சீட்டில் மின்சாரம் இல்லை. ஒரு புண்ணியவான் பவர் பேங்க் கொடுத்தான். முனை சேரவில்லை. புது போன் வாங்கச் சொல்லி மனைவி எத்தனை தடவை நச்சரித்தாள்! வியர்வை வழிந்து சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. விரல் நுனிகள் லேசாக மரத்த மாதிரி இருந்தன. பயத்தில் கை கால் ஓடவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

அவன் சீட்டுக்குப் பக்கத்தில், ஜன்னலோரத்தில் ஒரு அம்மா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். விமானத்தின் கதவு மூடும்போது அது கழுத்தாக இருந்தது. இப்போது கை முளைத்திருந்தது.

"என் போன்ல பேசுங்க தம்பி. ஆனா ஸ்பீக்கர்ல போட்டாத்தான் கேக்கும். என் பேரன் கீழ போட்டு ஒடச்சுட்டான்." செல்போனை எடுத்தார். "நம்பர் சொல்லுங்க."

வாயைத் திறந்தான். மூடினான்.

"பொண்டாட்டி நம்பர் தெரியாதா?"

"போன்ல இருக்கும்மா..." அழுகை வந்துவிட்டது. "மனசுல இல்ல."

அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உலகத்திலேயே ஒரே ஒரு நம்பர். மருந்து கட்டித் தரும் ஒவ்வொரு உறையிலும் அச்சாகியிருந்த கடை நம்பர். அதை எடுக்கப்போவது... அவன் கொல்லத் துணிந்த அதே மனிதர்!

வேறு வழியில்லை. நம்பரைச் சொன்னான்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது.

மறுபடியும் போட்டார் அந்த அம்மா. இந்தத் தடவை வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரன் முன்சீட்டில் நெற்றியை முட்டிக்கொண்டான். மகளின் முகம் வந்து வந்து போனது. அவள் மருந்துக்கு அழமாட்டாள். இருமல் மருந்து இனிக்கும் என்று மூடியை நக்குகிற பெண்.

மூன்றாவது தடவை...

"வணக்கம், மருந்துக்கடை."

"மச்சான்! நான்தான்! பாப்பாவுக்கு அந்த இருமல் மருந்தக் குடுக்கக் கூடாது! ஓடுங்க மச்சான், வீட்டுக்கு ஓடுங்க!"

"யாரு, மாப்பிள்ளையா? பதறாதீங்க." மச்சானின் குரல் வழக்கம்போல நிதானமாக வந்தது. "தங்கச்சி இப்பத்தான் போன் பண்ணிக் கேட்டா. நான்தான் குடுக்கச் சொன்னேன். குடிச்சுட்டு நல்லா தூங்குறாளாம்."

தூங்குகிறாள்...

கடைக்காரனுக்குள் ஏதோ அறுந்தது. மானம் அவமானம், ஜெயில், எதுவும் நினைவில் இல்லை. மகள் மட்டுமே இருந்தாள்.

"எழுப்புங்க! ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க! அதுல விஷம் இருக்கு மச்சான்! நான்தான் கலந்தேன்! உங்களுக்காகக் கலந்தேன்!"

விசிறிக்கொண்டிருந்த அட்டைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றன. டாய்லெட் வரிசையே திரும்பிப் பார்த்தது. பின்னிக்கொண்டிருந்த அம்மா ஊசியை மடியில் வைத்துவிட்டு, முழங்கையை அவனிடமிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டார்.

"எனக்காகவா..." மச்சானின் குரல் தழைந்திருந்தது. "எந்த பாட்டில்ல?"

"உங்க கட்டில் பக்கத்துல இருந்ததுல. ஆளை அனுப்புங்க மச்சான், உங்க கால்ல விழறேன்..."

"பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது மாப்பிள்ளை. அது நல்ல மருந்து. என்னோட பழைய பாட்டில்."

"இல்ல! நான் மாத்தி வச்சேன்!"

"நான் திருப்பி மாத்திட்டேனே."

கடைக்காரனுக்குப் புரியவில்லை.

"காலையில வாக்கிங் முடிச்சுட்டு வந்து பாக்குறேன், மூடியில தேதி இல்ல. நான் தேதி எழுதாம எந்த பாட்டிலையாவது வச்சிருக்கேனா? தேடினேன். என் பாட்டில் உங்க கைப்பையில இருந்துது. பயணத்துக்கு மருந்து எடுத்து வச்சீங்க, அவசரத்துல மாறிப்போச்சுன்னு நெனச்சேன். என்னோடத எடுத்துக்கிட்டு, உங்க பாட்டில உங்க பையிலயே வச்சுட்டேன். நீங்க குளிச்சிட்டு இருந்தீங்க, அதான் சொல்லல."

குளித்துக்கொண்டிருந்தான்... ஒத்திகை பார்த்துக்கொண்டு!

மகள் பிழைத்தாள். ஒரு கணம் அந்தச் சந்தோஷத்தில் அவன் வாய்விட்டு அழுதான். அது நிஜ அழுகை.

மறு கணம், மரத்துப்போன விரல்களைப் பார்த்தான்.

கைப்பையைத் திறந்தான். பாட்டிலை எடுத்தான். வெள்ளை மூடி... வெறும் மூடி! வருஷக்கணக்காக லேபிளில் தேதியை அழித்தும் எழுதியும் பழகிய கண் அவனுடையது. மூடியை அது ஒருநாளும் பார்த்ததில்லை. விடியற்காலையிலும் பார்க்கவில்லை, விமானத்திலும் பார்க்கவில்லை.

"மச்சான்..." நாக்கு குழறியது. "நான் அதக் குடிச்சுட்டேன்."

பணிப்பெண் ஓடி வந்தாள். ஐந்தாவது ஹார்ட் அட்டாக்கை அவள் நம்பினாள். விமானியிடம் சொல்லி ஆம்புலன்ஸ் கேட்டாள். போலீஸையும் சேர்த்தே கேட்டாள். ஒலிபெருக்கி கரகரத்தது. மின்னல் எச்சரிக்கை இன்னும் விலகவில்லை, ஏணி வரத் தாமதமாகும், ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்றார் விமானி. அவர் எல்லா அறிவிப்பையும் அதே குரலில்தான் சொன்னார்.

கடைக்காரனின் இமைகள் கனத்தன. அந்த அம்மா அவன் கன்னத்தில் ஓங்கி அடித்து, தூங்கக் கூடாது என்று அதட்டினார். தட்டியெழுப்பத்தான் அடித்தார் என்று சொல்ல முடியாது.

"மாப்பிள்ளை, லைன்ல இருங்க." மச்சானின் குரல் இப்போது வேகமாக வந்தது. "என்ன கலந்தீங்க? பேரச் சொல்லுங்க."

சொன்னான். விமானம் முழுக்க உற்றுக் கேட்டது.

"அதுக்கு மாத்து ஊசி இருக்கே! நம்ம கடையிலேயே இருக்கு!" அலமாரி திறக்கிற சத்தம். பெட்டிகள் உரசுகிற சத்தம். "ஏர்போர்ட் பக்கம்தானே. மழையானாலும் நனைஞ்சுக்கிட்டே கொண்டு வந்து கேட்ல குடுத்துடறேன். ஆம்புலன்ஸ்காரங்க எடுத்துட்டு வருவாங்க. நீங்க எனக்கு என்ன நெனச்சிருந்தாலும் சரி, என் தங்கச்சி தாலி முக்கியம். இதோ, கிடைச்சுடுச்சு!"

கடைக்காரனின் முகத்தில் மிச்சமிருந்த ரத்தமும் வடிந்தது.

"மச்சான்... அந்தப் பெட்டி வேண்டாம்."

"ஏன்? தேதி இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே."

பதில் சொல்ல அவனுக்கு மூச்சு வாங்கியது. வெளியே ஒரு மின்னல் வெட்டி, ஜன்னல் வழியே அத்தனை முகங்களையும் காட்டிவிட்டுப் போனது.

"அந்தத் தேதி... நான் போட்டது."

பெட்டியைத் திரும்ப மேஜைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, குடை விரிகிற சத்தம்.

"சரி, கண்ண மூடாம இருங்க மாப்பிள்ளை. எதிர்க்கடையில வாங்கிட்டு வர்றேன்... விலை கொஞ்சம் கூடத்தான், ஆனா அங்க மருந்துக்குள்ள மருந்து இருக்கும்!"