முயல் கண்ணைக் கசக்கிய ஞாயிறு

முயல் கண்ணைக் கசக்கியது.

மனோஜ்குமாருக்கு அந்த முயலை இரண்டு வருஷமாகத் தெரியும். டிவி வீடியோ கேமில், பந்தயம் தொடங்குவதற்கு முன் வரிசை கட்டி நிற்கும் எட்டுப் பொம்மை வண்டிகளில் மூன்றாவது அதனுடையது. சிவப்பு விளக்குக்கு வலது காலால் இரண்டு தட்டுத் தட்டும், மஞ்சளுக்குக் காதை மடக்கும், பச்சைக்குப் பல்லைக் காட்டும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் கற்றுக்கொள்ள அதன் மண்டையில் இடம் கிடையாது என்பது கம்ப்யூட்டர் சயன்ஸ் இரண்டாம் வருஷம் படிக்கிறவனுக்கு, மற்ற எது தெரியாவிட்டாலும், தெரியும். ஆனால் 1996ஆம் வருஷத்தின் அந்த ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு, சிங்காநல்லூர் வீட்டு ஹாலில் ஜன்னலைச் சாத்தி, டிவி சத்தத்தைக் குறைத்து, தன் வீட்டிலேயே திருடன் மாதிரி அவன் உட்கார்ந்திருந்தபோது, முயல் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, வெள்ளைக் கையுறையின் புறத்தால் இடது கண்ணை அழுத்திக் கசக்கியது.

'மாதிரி' என்பது கூடத் தேவையில்லாத சொல். கேசட் அவனுடையதல்ல.

அது பக்கத்துப் போர்ஷன் ஜேக்குடையது. ஜேக்கின் சித்தப்பா மஸ்கட்டிலிருந்து கொண்டு வந்தது. மேலே ஒட்டியிருந்த படம் பாதி கிழிந்து, மீதி ஏதோ புரியாத எழுத்தில் இருந்ததால் விளையாட்டின் பெயர் யாருக்கும் தெரியாது. இரண்டு பேரும் அதை 'முயல் வண்டி' என்றார்கள். பரீட்சை லீவு முழுக்க, வியர்த்த தோள்கள் உரச, பாய் மேல் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார்கள். வாழைப்பழத் தோலை வழியில் போட்டுவிட்டு ஓடும் குரங்கு. மோதினால் மூச்சு வாங்கும் கரடி. தோற்றால் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையில் அடித்துக்கொள்ளும் தவளை. பனிமலை ரோட்டின் கடைசி வளைவில் ஜேக் தன் உடம்பையே ஒரு பக்கம் சாய்ப்பான், ஏதோ திருச்சி ரோட்டில் பஸ் படியில் தொங்குகிறவன் மாதிரி. "டேய், ஒடம்பச் சாச்சா வண்டி திரும்புமாடா?" என்று மனோஜ்குமார் கேட்பான். "திரும்புதில்ல?" என்பான் ஜேக். திரும்பும்.

போன மாதம் ஜேக், கேசட்டை பெங்களூருக்கு எடுத்துப்போகப் போவதாகச் சொன்னான். அங்கே அவனுக்குக் காலேஜ் கிடைத்திருந்தது. மூன்றாம் நாள் கேசட்டைக் காணோம். மனோஜ்குமார் அதைத் திருட்டு என்று நினைக்கவில்லை. தங்க வைத்திருக்கிறோம் என்று நினைத்தான். தங்க வைத்த இடம், அவனுடைய டிராயிங் போர்டுக்குப் பின்னால். அந்தப் பலகையை அவன் தொடுவான் என்று காலேஜில்கூட யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

சந்தேகம் ராசம்மாளின் மேல் போய் விழுந்தது. ராசம்மாள் இரண்டு போர்ஷனுக்கும் பாத்திரம் தேய்க்கிறவள். ஜேக்கின் அம்மா விமலாராணி, "நான் யாரையும் சொல்லலைங்க. ஊட்டுக்குள்ள வந்து போறது ஒருத்தங்கதான்னுதான் சொல்றேன்" என்றாள். தெருவுக்கு அது போதும். ஒரே வாரத்தில் நான்கு வீட்டில் ராசம்மாளை வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார்கள். இந்த வீட்டில் மட்டும் நிற்கச் சொல்லவில்லை. மனோஜ்குமாரின் அம்மா நஞ்சம்மாள் நிற்கச் சொல்வதற்குப் பதிலாக, ஆனைமலைக்குக் கிளம்பினாள்.

மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைப்பதற்கு.

களவு கொடுத்தவர்கள், பழி சுமந்தவர்கள் எல்லாம் போவார்கள். வரமிளகாயை அங்கேயே அரைத்து, கோயிலில் இருக்கும் நீதிக்கல்லின் மேல் அப்பிவிட்டு வந்தால் போதும். எடுத்தவன் எங்கே இருந்தாலும் எரியும் என்பார்கள். "என்னயச் சத்தியம் பண்ணச் சொல்றாங்கம்மா" என்று அழுத ராசம்மாளிடம், "நீ ஏன் பண்ணோணும்? நானே வந்து அரச்சுப் போடறேன். யாருன்னு அந்த ஆத்தாளே காட்டட்டும்" என்று அம்மா சொன்னபோது மனோஜ்குமார் அதே ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அன்றைய விளையாட்டுச் செய்தியின் ஒரே வரியைப் பதினோரு முறை படித்தான்.

காலையில் பஸ் ஏற்றிவிட்டதும் அவன்தான். அம்மா பச்சைச் சேலையில், மடியில் மிளகாய்ப் பையோடு. அப்பா திருமூர்த்தி வெள்ளகோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். இருந்திருந்தாலும் தடுத்திருக்க மாட்டார்.

"தம்பி, நீங்க படிச்சவங்க" என்றாள், பஸ் ஸ்டாப்புக்கு வந்திருந்த ராசம்மாள். "கேசட்டுன்னா என்னன்னே எனக்குத் தெரியாதுங்க. திங்கறதா, உடுத்தறதா? அத எடுத்துட்டுப் போயி நான் என்னங்க பண்ணுவேன்?"

"கெடச்சிருமுங்கக்கா" என்றான்.

அம்மா படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஏங் கண்ணு, உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"எனக்கெப்படீங்மா தெரியும்?"

"தெரிஞ்சா இப்பவே சொல்லிப்போடு. அரச்சதுக்கப்பறம் என் கையில ஒண்ணும் இல்ல பாத்துக்க."

"மொளகாய்க்கு எப்படீங்மா அட்ரஸ் தெரியும்?"

அம்மா சிரிக்கவில்லை. அவன் முகத்தைக் கொஞ்ச நேரம், பாலில் தண்ணி கலந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி பார்த்தாள். "செரி" என்றாள். பஸ் போய்விட்டது. அந்த 'செரி' மட்டும் போகவில்லை. அவனோடு வீட்டுக்கு நடந்து வந்தது. அம்மாவுக்குத் தெரியும் என்று ஒரு நொடி தோன்றும். தெரிந்தால் எந்த அம்மாவாவது பெற்ற பிள்ளைக்கு மிளகாய் அரைக்கப் போவாளா என்று அடுத்த நொடி தோன்றும். இரண்டாவதுதான் நியாயமாக இருந்தது. அதனால்தான் கேசட்டை எடுத்து, ஊதி, மெஷினில் செருகினான். வீடு முழுக்கத் தனக்காக இருக்கும் ஞாயிறு இன்னொன்று எப்போது வரப்போகிறது?

இப்போது முயல் வலது கண்ணையும் கசக்கியது.

அவன் முதலில் கேசட்டைச் சந்தேகித்தான், பிறகு மெஷினை, பிறகு கரண்ட்டை. பச்சை விளக்கு விழுந்தது. வண்டிகள் கிளம்பின. பழகிய உறுமல், கொசுவை டப்பாவுக்குள் அடைத்த மாதிரியான அந்தச் செல்லச் சத்தம், முதல் சுற்றில் சரியாகத்தான் இருந்தது. இரண்டாவது சுற்றில் அது கனத்தது, அடித்தொண்டைக்கு இறங்கியது, ஒரே மூச்சாகப் போகாமல் முன்னே ஒரு இழுப்பு, பின்னே ஒரு இழுப்பு என்று பிரிந்தது. கூடவே ஒரு வாசனை. அடுத்த தெருவில் யாரோ மிளகாய் வறுக்கும்போது மூக்கின் உச்சியில் முதலில் குத்துமே, தும்மல் வருமா வராதா என்று மனிதனை நடுவில் நிறுத்தி வைக்குமே, அது. சாத்திய ஜன்னலைப் பார்த்தான். அது வெளியிலிருந்து வரவில்லை. டிவியின் பின்பக்க ஓட்டைகளிலிருந்து, சூட்டோடு வந்தது.

குரங்கு வாழைப்பழத் தோலை நழுவ விட்டது. கரடி வண்டியை ஓரம் கட்டியது. இந்த விளையாட்டில் ஓரம் கட்டுவதற்கு வழியே இல்லை. இரண்டு வருஷத்தில் எந்த வண்டியும் தானாக நின்றதில்லை. தவளை நின்றது. ஒவ்வொன்றாக எட்டும், அவனுடைய வண்டியும் சேர்த்து, பனிமலை ரோட்டில் அவனைப் பார்க்கத் திரும்பி நின்றன. பட்டன்களை அழுத்தினான். அழுத்திய கட்டைவிரல் எரிந்தது.

எட்டும் கண்ணை மூடிக்கொண்டன. எரிச்சலால் மூடிய மாதிரி இல்லை. அவனுக்குப் பின்னால் எதையோ பார்த்துவிட்டு, பார்க்கப் பிடிக்காமல் மூடிக்கொண்ட மாதிரி.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கேசட்டைப் பிடுங்கினான். ஸ்விட்சை அணைத்தான். கேசட் தோசைக்கல் சூட்டில் இருந்தது. லுங்கியில் சுற்றிக்கொண்டு வெளியே ஓடினான்.

வெயில் சாதாரணமாக இருந்தது. அது கொஞ்சம் ஆறுதல். ஜேக் வீடு பூட்டியிருந்தது. எல்லோரும் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். படுக்கையறை ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கேசட்டை நழுவ விட்டான். தானாக விழுந்து கிடந்தது என்று நினைப்பார்கள். யாரும் எடுக்கவில்லை, யார் மேலும் குற்றமில்லை. உள்ளே சுவர்க் கடிகாரம் பதினொன்று பத்து காட்டியது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அம்மா இன்னும் வரிசையில்தான் நிற்பாள் என்று கணக்குப் போட்டான். பொருள் இருந்த இடத்துக்கு வந்துவிட்டது. கேஸ் தள்ளுபடி. ராசம்மாளின் பெயரைப் பற்றி அவன் யோசித்தான். கேசட் கிடைத்தால் அதுவும் தானாகக் கிடைத்துவிடும் என்று முடிவு செய்தான்.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவினான். தண்ணீர் பட்ட இடமெல்லாம் எரிச்சல் இரண்டு மடங்கானது. அப்போதுதான் அவனுக்கு விஷயம் பிடிபட்டது, சிரிப்புக்கூட வந்தது. அம்மா டிராயிங் போர்டைத் துடைத்திருக்கிறாள். கேசட்டைப் பார்த்திருக்கிறாள். பேசாமல் அதன் மேல் மிளகாய்த் தூளைத் தேய்த்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவளாட்டம் பஸ் ஏறியிருக்கிறாள். எப்படிப்பட்ட மூளை! தூள் உள்ளே போய்த்தான் மெஷின் சூடாகி, நெடி வந்து, படம் கெட்டு, எல்லாம். ஒவ்வொன்றும் இடத்தில் பொருந்தியது. சாயங்காலம் அம்மா வந்ததும் காலில் விழுந்துவிடலாம்.

நிச்சயப்படுத்திக்கொள்ள விரலை முகர்ந்தான்.

பிளாஸ்டிக் வாசனை. சோப்பு வாசனை. வேறொன்றும் இல்லை. நாக்கில் வைத்துப் பார்த்தான். உறைப்பே இல்லை.

விரல் எரிந்துகொண்டிருந்தது.

அப்போது அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. முன்னே ஒரு இழுப்பு. பின்னே ஒரு இழுப்பு. டிவி அணைந்திருந்தது. மெஷினின் ஒயர் தரையில் கிடந்தது. கல் மேல் கல். ஈரமான கல். நடுவில் வளையல் சிணுங்கல். அடுத்த வீடாக இருக்கும் என்றான், வாய்விட்டு. அடுத்த வீட்டில் யாரும் இல்லை. இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தான். எந்த இழுப்பு எப்போது வரும் என்று அவன் உடம்புக்குத் தெரிந்திருந்தது. சின்ன வயசிலிருந்து அந்தச் சத்தத்துக்குத்தான் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் கண் விழித்திருக்கிறான். அந்தக் கையை அவனுக்குத் தெரியும்.

சமையலறை வழியாகப் பின்கட்டுக்குப் போனான். கதவு திறந்திருந்தது. பூட்டிய ஞாபகம்.

பச்சைச் சேலை. முதுகு. அவிழ்ந்த கொண்டை.

"அம்மா?"

முன்னே ஒரு இழுப்பு.

"பஸ்ஸு ஏறுனீங்களே. நாந்தான ஏத்தி உட்டேன்?"

"சித்த இரு கண்ணு" என்றாள், திரும்பாமல். அம்மாவின் குரல்தான். கொஞ்சல் கூட அப்படியே. "நைசா அரச்சாத்தான் ஒட்டும்."

பிறகு கல் நின்றது. அவள் தரையில் நன்றாக உட்கார்ந்து, இரண்டு கால்களையும் நீட்டினாள். சேலையை முழங்கால் வரை ஒதுக்கினாள். அம்மிக் குழவியைத் தூக்கி, தலைப்பக்கம் பாதத்தில் வருகிற மாதிரி, கால்களின் மேல் மல்லாத்தினாள். பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டக் கிடத்துகிற மாதிரி. ஒரு கையால் கழுத்தைத் தாங்கிக்கொண்டாள். கல்லுக்குக் கழுத்து இருந்தது.

சிவந்த விழுதை ஒரு கை அள்ளினாள். அடியிலிருந்து ஆரம்பித்தாள்.

மனோஜ்குமாரின் பாதங்கள் தீப்பிடித்தன.

முழங்கால். தொடை. வயிற்றில் வட்டமாக, மெதுவாக, செரிக்கட்டும் என்று தேய்க்கிற மாதிரி. "அவ்ளோதான் சாமி. அவ்ளோதான் தங்கம்." அக்குள். விரல் விரலாக நீவினாள். அவன் நிலைப்படியைப் பிடித்தபடி சரிந்தான்.

சொல்லிவிட வேண்டும். இப்போது. ராசம்மாள் இல்லை. நான்தான். வாயைத் திறந்தான்.

அவள் சுட்டுவிரலில் விழுதை எடுத்து, கல்லின் முகத்தில் ஓரிடத்தில் நுழைத்து, நாக்கு வழிக்கிற மாதிரி உள்ளே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அவன் வாயிலிருந்து சத்தம் வந்தது. சொல் வரவில்லை.

"அழுவாத. முடிஞ்சுது." இரண்டு கட்டைவிரல்களையும் விழுதில் தோய்த்தாள். கல்லின் மேல் குனிந்தாள். இமை எங்கே முடிகிறது, கண் எங்கே தொடங்குகிறது என்று, பெற்றவளுக்கே உரிய பொறுமையோடு, தடவிப் பார்த்தாள்.