பத்துக் கரடிகள்

அம்மா நெற்றியில் சுமை தூக்கும் நார்ப்பட்டையை மாட்டினால் விறகுக்குக் கிளம்புகிறாள் என்று அர்த்தம். காட்டுக்குப் போக இரண்டு மணி நேரம். சுமையோடு திரும்ப மூன்று.

அன்று வந்தவள் சுமையை இறக்கி, சுவரில் சாய்ந்ததுமே கண்ணை மூடிக்கொண்டாள். மகள் பன்சரா அவள் நெற்றிப் பட்டையை மெதுவாகக் கழற்றினாள்.

“அடுத்த வருஷம் மலைச்சணல் வேணாம்டி,” என்றாள் அம்மா. “ஊறவெச்சு, நார் உரிச்சு… என்னால முடியல. உருளைக்கிழங்கு போட்டுடலாம்.”

பன்சரா கையிலிருந்த பட்டையைத் தடவிப் பார்த்தாள். அது சணல். அவள் போர்த்தும் போர்வை சணல். துவையலுக்கு அரைப்பதும் சணல் விதை.

முற்றத்தில் நார் உரித்த வெள்ளைக் குச்சிகள் குவிந்து கிடந்தன.

“இதை எரிச்சா விறகு மிச்சமாகுமேம்மா?”

“எரியும். நீ தும்மி முடிக்கிறதுக்குள்ள அணைஞ்சிடும்.”

மறுநாள் அம்மா மறுபடி காட்டுக்குப் போனாள். அடுப்பில் ராஜ்மா பாதி வேகும்போதே விறகு தீர்ந்துவிட்டது. சுவரோரம் தம்பி பீர்கே காயவைத்த பொம்மை கிடந்தது. சணல் குச்சிகளில் சாணி பூசிச் செய்த நாலு கால்கள், ஒரு தலை. பன்சரா அதை அடுப்பில் திணித்தாள்.

அது தும்மலுக்குள் அணையவில்லை. நின்று, நிதானமாக எரிந்தது. ராஜ்மா பஞ்சாக வெந்தது.

“என் கரடியை எரிச்சிட்டியா!” என்று அலறினான் பீர்கே.

“உனக்குப் பத்துக் கரடி செஞ்சு தரேன். சாணி மட்டும் கொண்டு வா.”

“பத்துக் கரடிக்கு நாப்பது கால்!”

“அதுதான்டா வேணும்.”

நாலு நாள் வெயிலில் நாற்பது கால்களும் காய்ந்தன. ஐந்தாம் நாள் விடியற்காலையில் அம்மா பட்டையைத் தேடினாள். பன்சரா அதை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

“குடுடி, நேரமாகுது.”

“முதல்ல டீ குடிம்மா.”

அடுப்பில் இரண்டு கரடிக் கால்கள் எரிந்தன; டீ கொதித்தது. பிறகு கஞ்சி கொதித்தது. அடுப்பில் இன்னும் தணல் இருந்தது. அம்மா குனிந்து பார்த்தாள்.

“சாணி வயலுக்கு வேணுமே?”

“மெல்லிசாத்தான் பூசினோம். சாம்பல் வயலுக்குத்தானே போகுது!”

அம்மா சுவரில் சாய்ந்தாள். “ரெண்டு நாளைக்கு ஒரு தடவை காட்டுக்குப் போனா போதும் போலிருக்கே…”

“அப்போ உருளைக்கிழங்கு?”

“வரப்பு ஓரமா நாலு வரிசை போடு,” என்றவளுக்குக் கொட்டாவி வந்தது. “மத்த இடத்துல சணலே இருக்கட்டும்.”

பன்சரா பட்டையைச் சுருட்டி, அங்கேயே சரிந்து படுத்த அம்மாவின் தலைக்கு அடியில் வைத்தாள். வெயில் முற்றத்துக்கு வந்த பிறகும் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.