ஆபரேஷன் லட்டு

பாளையங்கோட்டையில் இப்போதெல்லாம் ஒரு வீட்டிலிருந்து லட்டு வந்தால் யாருக்குக் கல்யாணம் என்று கேட்பதில்லை, யாருக்கு ஆபரேஷன் என்றுதான் கேட்கிறார்கள். ஆபரேஷன் வேண்டாம், 'காத்திருக்கலாம்' என்று பதில் வந்த வீட்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போய், குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டு வருவார்கள்.

எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த எஞ்சுகாலக் கணிப்பான் என்ற மிஷின் செய்த வேலை. முன்பு புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றால் வெட்டுவதா, கதிர்வீச்சா, ஹார்மோன் ஊசியா, சும்மா கண்காணிப்பதா என்று டாக்டர்களே மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். பல பேருக்கு அது ஆமை வேகத்தில் வளரும். அது வேலையைக் காட்டுவதற்குள் வேறு ஏதாவது ஒன்று ஆளைக் கொண்டுபோய்விடும். கணிப்பான் உடம்பு முழுவதையும் துழாவிப் பார்த்து, நோய் முந்துமா ஆள் முந்துவாரா என்று கணக்குப் போட்டுவிடும். ஆனால் யாருக்கும் நாள் குறித்துச் சொல்லக் கூடாது என்று சட்டம். அதனால் 'சிகிச்சை வேண்டும்', 'காத்திருக்கலாம்' என்று இரண்டே பதில்தான் சொல்லும். நம் ஜனங்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்! காத்திருக்கலாம் என்றால் நோய்க்கு முன்னால் ஆள் போய்விடுவார் என்று கையோடு கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆவுடையப்பனுக்குப் போன வருஷம் அந்த நோய் வந்து, 'காத்திருக்கலாம்' என்றுதான் பதிலும் வந்தது.

அவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தில் முக்கால்வாசி, சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டில் இருந்த சொந்த அண்ணன் பூதலிங்கத்தின் மேல். அண்ணன் மொட்டைமாடியில் ஏற்றிவைத்த தண்ணீர்த் தொட்டியின் நிழல், மத்தியானம் முழுக்கத் தம்பியின் சூரியத் தகடுகள் மேல் விழுந்தது. அந்த நிழலுக்காக இரண்டு பேரும் பேச்சை நிறுத்தி, வக்கீல் வைத்து, ஒரே சாஸ்தா கோயிலுக்குத் தனித்தனி வேனில் போய்க்கொண்டிருந்தார்கள்.

'காத்திருக்கலாம்' என்ற செய்தி தெருவுக்குத் தெரிந்ததும் அண்ணன் ஆரஞ்சோடு வந்து நின்றார். "ஏல, ஆவுடை..." என்றார். அன்று சாயங்காலமே தொட்டியை இறக்கிவிட்டார்.

அதன் பிறகு ராஜயோகம்தான்! மதினி கையால் சொதிக் குழம்பு வந்தது. அண்ணன் தினமும் வாய்க்கால் கரையில் நடக்கக் கூட்டிப்போனார். யாரும் எதிர்த்துப் பேசாததால் ஆவுடையப்பனுக்குக் கத்தவும் வேலையில்லை. சாகப் போகிற மனுஷனுக்கு இவ்வளவு சுகமா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. படுத்தால் மட்டும் பயம் வந்துவிடும். மனைவி கோமுவின் கையைப் பிடித்துக்கொள்வார்.

இந்த வருஷச் சோதனைக்குப் போனபோது டாக்டர் ஜெசிந்தா சிரித்துக்கொண்டே திரையைத் திருப்பிக் காட்டினார். 'சிகிச்சை வேண்டும்.'

"அண்ணாச்சி, பிரஷர் நல்லா இறங்கியிருக்கு. போன வருஷம் பயமுறுத்தின இருதயம் இப்ப ஒழுங்கா ஓடுது. அதனால இனிமே இந்தக் கட்டியைச் சும்மா விட முடியாது. ஆபரேஷனும் செய்யலாம், கதிர்வீச்சும் கொடுக்கலாம். ரெண்டுமே உங்க நோயை அடக்கும். ஆபரேஷன்னா கொஞ்ச நாளைக்கு மூத்திரம் நிக்காது, பேடு கட்டணும். கதிர்வீச்சுல கத்தி கிடையாது, ஆனா மூத்திரம் எரியும், வயிறு படுத்தும். ரெண்டுலயுமே தாம்பத்தியம் முன்ன மாதிரி இருக்கும்னு உறுதி சொல்ல முடியாது."

"பேடு என்ன டாக்டர், பாவாடையே கட்டுதேன்! ஆபரேஷனே வச்சிருங்க!"

"வாயைப் பாரு வாயை" என்று சொல்லிக்கொண்டே கோமு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"வியாழக்கிழமை வாங்க" என்றார் டாக்டர். "ஆனா ஒண்ணு. கத்தி வைக்கும் முன்னால கணிப்பானை இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்போம். உங்க கணக்கு நூலிழையிலதான் 'சிகிச்சை' பக்கம் விழுந்திருக்கு. பிரஷர் ஏறி, 'காத்திருக்கலாம்'னு மாறிட்டா ஆபரேஷன் கிடையாது. அதுவரைக்கும் கோபமே படக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் முதல் லட்டு பக்கத்து வீட்டுக்குத்தான் போனது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே இன்னொரு லட்டும் தின்றார்.

மறுநாள் மத்தியானம் பக்கத்து மாடியில் தடதடவென்று சத்தம். ஆவுடையப்பன் மேலே போய்ப் பார்த்தால், அண்ணன் இரண்டு ஆட்களை வைத்துத் தொட்டியைப் பழைய இடத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது?"

"என்ன, என்ன இது? சாகப் போற பயலாச்சேன்னு நெனச்சு இறக்கினேன். அன்னையிலேருந்து மேல் குழாயில தண்ணி ஏறாம உன் மதினி வாளி சுமக்கா. நீதான் இனி குண்டுக்கல்லு மாதிரி இருக்கப் போறியே! கோர்ட்டுலயே பாத்துக்கிடுவோம்."

ஆவுடையப்பனுக்குக் காது இரைந்தது. அப்பா காலத்துச் சங்கதியெல்லாம் நாக்கு நுனியில் வந்து வரிசையாக நின்றது. பின்னால் படியேறி வந்த கோமு அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"வியாழக்கிழமை" என்றாள் மெதுவாக. "இப்ப ஒரு கத்து கத்தினீங்க, அந்த மிஷின் மாத்திச் சொல்லிரும்."

அவர் வாயை மூடிக்கொண்டார். தொட்டியின் நிழல் முதல் தகட்டின் ஓரத்தைத் தொட்டது. ஒரு வருஷமாக நடந்த வாய்க்கால் கரை நினைவுக்கு வந்தது. சே, நிழல்தானே என்று தோன்றியது.

"வச்சுக்கிடுங்கண்ணே" என்றார். "உங்க மாடி, உங்க தொட்டி. கேஸை நான் வாபஸ் வாங்கிக்கிடுதேன்."

பூதலிங்கத்தின் கை தொட்டி விளிம்பிலேயே நின்றுவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த வயசில் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வந்து தம்பியின் தோளைப் பிடித்தார்.

"ஏல, உண்மையைச் சொல்லு." "மிஷின் மறுபடியும் 'காத்திருக்கலாம்'னு மாத்திச் சொல்லிருச்சா?" பிறகு ஆட்கள் பக்கம் திரும்பிக் கத்தினார். "எலேய், இறக்குங்கல தொட்டியை!"

'அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே' என்று சொல்ல ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். கோமு அவர் முழங்கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள்.