மணப்பெண்கள் கேட்ட நாற்காலி

ஸாயா காலையிலிருந்து தலை வாரிக்கொண்டே இருந்தார். அவர் தலையில் இருந்த முடிக்கு ஒரு தடவை வாரினாலே அதிகம்.

"போதும்ப்பா, சீப்பு தேஞ்சிடும்," என்றாள் மகள் ஷூஷன்.

பத்து வயது ஷூஷன் அன்று மணப்பெண். வெள்ளை கவுன், தலையில் அம்மாவின் கல்யாண முக்காடு. இயேசு விண்ணேறிய திருநாளில் கிர்குக் நகரத்தில் சிறுபான்மையினரான அசீரியக் கிறிஸ்தவச் சிறுமிகள் மணப்பெண் வேடம் போட்டு வீடு வீடாகப் போவார்கள். வாசலில் நின்று பாடினால் அக்ரூட், உலர்திராட்சை, முட்டை என்று எதையாவது கொடுத்தே ஆக வேண்டும். மணப்பெண்ணை வெறுங்கையோடு அனுப்பிய வீடு அவர்கள் தெருவில் கிடையாது.

அதே நாளில் ஊரின் புதிய கால்பந்து மைதானத்துக்குத் திறப்பு விழா. நாட்டுக்காக ஆடிய பழைய வீரர்கள் எல்லோரும் வரலாம், முன்வரிசையில் நாற்காலி உண்டு என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். அதற்குத்தான் இந்தத் தலை வாரல்.

ஸாயா லேசுப்பட்ட ஆள் இல்லை. தன் நாட்டிலிருந்து இங்கிலாந்துக்குப் போய் ஆடிய முதல் வீரர் அவர்தான். மழையிலும் சேற்றிலும் அவர் அடித்த கோல்களுக்கு அங்கே கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பிறகு, "நம்ம நாட்டுக்கு ஆட வா," என்று இங்கிருந்து கூப்பிட்டார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தார்.

வந்தவரிடம் அணி நிர்வாகி ஒருவர், "உன் பேரு உங்க அசீரிய ஜனங்க பேரா இருக்கே. எங்க பேரா மாத்திக்கோ," என்றார்.

"எங்க அப்பா வச்ச பேரு. இதோடதான் ஓடுவேன்," என்றார் ஸாயா.

அதன்பின் அவரை ஓடவிடவே இல்லை. பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு பெஞ்சும் போயிற்று. இப்போது பஸ் ஓட்டுகிறார்.

"வெள்ளைக்காரனே வேணாம்னு திருப்பி அனுப்பின ஆளு," என்று தெருமுனைக் கடைக்காரர் கேலி பேசுவார். கேட்கும்போதெல்லாம் ஷூஷனுக்கு உடம்பு பற்றி எரியும். இன்றைக்கு அப்பா முன்வரிசையில் உட்கார வேண்டும், அதை ஊரே பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவளும் தோழிகளும் மடி நிறையத் தின்பண்டங்களோடு அப்பாவின் பின்னால் மைதானத்துக்கு நடந்தார்கள். பெரிய இரும்புக் கதவின் முன்னால் ஹிக்மத் என்ற காவலாளி முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அழைப்பு அட்டை எங்கண்ணே?"

"எனக்கு அட்டை வரல. வானொலியில சொன்னாங்களே..."

"வானொலியில ஆயிரம் சொல்வாங்க. என்கிட்ட அட்டை காட்டினாத்தான் கதவு திறக்கும்."

அப்போது ஒரு கார் வந்து நின்றது. உள்ளே இருந்தவரைப் பார்த்ததும் ஸாயாவின் முகம் மலர்ந்தது. அது நஜாத். ஸாயாவைப் பெஞ்சில் உட்கார வைத்தபோது அவர் இடத்தில் ஆடியவர், இன்றைக்கு விழாத் தலைவர்.

"அட, ஸாயா! இன்னும் உசுரோடதான் இருக்கியா?" என்று சிரித்தார் நஜாத்.

"உள்ள விடச் சொல்லேன், நஜாத்."

"நாற்காலியெல்லாம் நிரம்பிடுச்சுப்பா. அடுத்த விழாவுக்குப் பாத்துக்கலாம். என்ன, கோவமில்லையே?"

கார் உள்ளே போனது. ஹிக்மத் கதவை மூடி வெளியே தாழ்போட்டார்.

"வா ஷூஷன், வெயில் ஏறுது. வீட்டுக்குப் போலாம்," என்றார் அப்பா. அவர் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. அதுதான் ஷூஷனுக்குத் தாங்கவில்லை.

அவள் மூக்கை முக்காட்டிலேயே துடைத்துக்கொண்டு கதவின் முன்னால் போய் நின்றாள். "எல்லாரும் வாங்கடி. பாடலாம்."

"இது வீடு இல்லியே!" என்றாள் குட்டித் தோழி நானாஜான்.

"வாசல் இருக்கில்ல? பாடு!"

"மணப்பொண்ணு வந்தாச்சு! மடி நிறையத் தாங்க!" என்று அவர்கள் தொண்டை கிழியப் பாடினார்கள்.

ஹிக்மத் காதைப் பொத்திக்கொண்டார். "போதும் தாயி! என்கிட்ட ரொட்டியும் வெங்காயமும்தான் இருக்கு. தரட்டா?"

"வேணாம் மாமா. எங்கப்பாவுக்கு ஒரு நாற்காலி தாங்க. இன்னிக்கு மணப்பொண்ணுகிட்ட இல்லன்னு சொல்லக் கூடாது."

ஹிக்மத் கதவைப் பார்த்தார். ஸாயாவைப் பார்த்தார். "உள்ள இருக்கிற நாற்காலி என்னுது இல்லம்மா. உங்கப்பாவை விட்டா என் வேலை போயிடும்," என்றவர் மெல்ல எழுந்தார். தன் முக்காலியைத் துண்டால் துடைத்து நிழலில் போட்டார். "இது ஒண்ணுதான் என்னுது. உக்காருங்கண்ணே."

ஸாயா உட்கார்ந்தார். எதிரே மைதானத்துச் சுவர் மட்டும்தான் தெரிந்தது.

உள்ளே ஒலிபெருக்கி பழைய வீரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தது. ஸாயாவின் பெயர் வரவில்லை. கடைசியாக, "வெளிநாடு சென்று ஆடிய நமது முதல் வீரர்..." என்று கேட்டதும் ஷூஷன் அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"...நஜாத்!" என்றது ஒலிபெருக்கி. கைதட்டல் சுவரைத் தாண்டி வந்து விழுந்தது.

"பொய்! அது எங்கப்பா!" என்று கத்தினாள் ஷூஷன். யாருக்குக் கேட்கும்?

ஸாயா தலையைக் குனிந்துகொண்டார். "நான் போய் வந்து எத்தனையோ வருஷம் கழிச்சுத்தான் அவன் போனான்," என்று தரையிடம் சொன்னார்.

அழுதுகொண்டே வீட்டுக்குப் போக ஷூஷனுக்கு மனமில்லை. சுவரோரம், சீட்டு வாங்கக் காசில்லாத பையன்கள் பழைய பந்து ஒன்றை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் முக்காட்டை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக் கட்டினாள்.

"டேய், எங்களோட ஆட வர்றீங்களா?"

"கல்யாணப் பொண்ணுங்களோடயா?" பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"தோத்துடுவோம்னு பயமா?" என்று கேட்டாள் நானாஜான். சிரிப்பு நின்றது.

ஷூஷன் திரும்பினாள். "அப்பா, எங்களுக்கு ஒரு ஆள் குறையுது."

"விளையாடாதம்மா. இந்தக் கால் இப்ப பிரேக் மிதிக்கிற கால்."

"பெஞ்சுல உக்காந்தது போதும்ப்பா. எழுந்து வாங்க."

ஸாயா மகளை ஒரு கணம் பார்த்தார். குனிந்து, பளபளவென்று துடைத்து வைத்திருந்த ஷூக்களைக் கழற்றினார்.

பந்து அவர் காலுக்கு வந்ததும் அங்கேயே தங்கிவிட்டது. முதல் பையன் இடப்பக்கம் பாய்ந்தான். பந்து வலப்பக்கம் போனது. இரண்டாமவன் பந்து எங்கே போயிற்று என்று தேடினான். பந்து ஷூஷனிடம் இருந்தது. அவள் உதைத்தாள்.

"கோல்!" என்று அலறினார் ஹிக்மத்.

தேநீர் விற்பவர் தட்டோடு வந்து நின்றார். கார் ஓட்டுநர்கள் இறங்கி வந்தார்கள். "யாருய்யா இந்த மனுஷன்?" என்று கேட்டார் ஒருவர்.

"ஸாயா. வெளிநாட்டுல ஆடின முதல் ஆளு," என்றார் ஹிக்மத், கூட இருந்து பார்த்தவர்போல.

உள்ளே விழா முடிந்துவிட்டது. உள்பக்கத்திலிருந்து கதவை யாரோ தட்டினார்கள். ஹிக்மத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

"யோவ், நஜாத் வந்திருக்கேன்! கதவைத் திற! கேக்குதா இல்லியா?"

"கேக்குது ஐயா," என்றார் ஹிக்மத், பந்திலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் நில்லுங்க. ஸாயா அண்ணன் கார்னர் கிக் போடப் போறாரு."