இலையை அசைத்த மூச்சு

அந்தச் சிலந்தி மீனலோசனியைப் பார்க்கவில்லை.

யானைமலைக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் ஓர் எருக்கஞ்செடி. அதன் சாம்பல் பூத்த இலை விளிம்பில், அரிசி அளவே இருந்த அந்த ஈப்புலி முன்னங்கால்களை ஊன்றி உட்கார்ந்திருந்தது. வலை கட்டாமல் தாவிப் பிடிக்கிற சாதி. கண்தான் அதற்கு எல்லாம். ஆள் கிட்டே போனால் மற்றப் பூச்சிகளைப் போல ஓடாது. உடம்பையே திருப்பி, முகப்பில் உள்ள இரண்டு பெரிய கண்களால் நேருக்கு நேர் பார்க்கும். நீங்கள் நகர்ந்தால் அதுவும் திரும்பும்.

அந்தப் பார்வைக்காகத்தான் அவள் லீவு நாளெல்லாம் கேமராவும் கையுமாக வந்து இந்தப் புழுதியில் மண்டி போட்டாள். அம்மா போன பிறகு ஒத்தக்கடைப் புது வீட்டில் அவள் ஒருத்திதான். ஆபீஸில் ஆட்கள் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே அவளுக்குப் பதில் சொன்னார்கள். அம்மாவோடு பேசிய சௌராஷ்டிர மொழி, பேச ஆளில்லாமல் நாக்கிலேயே காய்ந்துகொண்டிருந்தது. தன் முகத்தை யாராவது முழுசாகப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசிக்கும்போது, அவளுக்கு இந்தச் சிலந்திகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

இன்றைக்கு இது அவளைத் தாண்டிப் பார்த்தது. அவளுடைய வலது தோளுக்கு மேலே, தலையைவிடச் சற்று உயரத்தில்.

அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். விரலை ஆட்டிக் காட்டினாள். அது அசையவில்லை. திரும்பிப் பார்த்தாள். வாய்க்கால், வறண்ட வரப்பு, தூரத்தில் ஆடுகள். அடுத்த செடியில் இன்னொன்று இருந்தது, அதுவும் அப்படியே. மறுபடி மண்டி போட்டு, லென்ஸை இலைக்கு ஒரு விரற்கடை அருகில் கொண்டுபோய், வழக்கம்போல மூச்சை அடக்கினாள். இவ்வளவு கிட்டத்தில் மூச்சு பட்டாலே இலை ஆடும், படம் கலங்கிவிடும். அதனால் படம் எடுக்கிற நேரமெல்லாம் மூச்சை அடக்கிப் பழகியிருந்தாள்.

இலை ஆடியது.

காற்று இல்லை. சுற்றியிருந்த செடிகள் வெயிலில் வரைந்து வைத்தாற்போல நின்றன. இந்த ஓர் இலை மட்டும் மெல்லத் தணிந்தது, மெல்ல எழுந்தது, மறுபடி தணிந்தது. அவசரமில்லாத, தூங்குகிறவர்களுடையதைப் போன்ற ஒரு சீரில். அப்போதுதான் வலது காதுமடலுக்குக் கீழே அந்த வெதுவெதுப்பு உறைத்தது. கூடவே, நெடுநாள் பூட்டிக்கிடந்த பீரோவைத் திறந்தால் வருகிற வாடை.

சடக்கென்று எழுந்தாள். முழங்காலில் முள் கிழித்தது.

ஆடு மேய்க்கிற நல்லகாமன் மந்தையை ஓட்டிக்கொண்டு கரையேறி வந்துகொண்டிருந்தார். அவளைப் பல நாளாகத் தெரியும். டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டார்.

"என்ன டீச்சரம்மா, இன்னைக்கும் பூச்சிக்குக் கல்யாணப் போட்டோவா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணே, என் பின்னாடி யாரும் வந்தாகளா?"

"ஆருமில்லயே. இம்புட்டு நேரமும் இங்கிட்டுத்தான பாத்துக்கிட்டு வாரேன்."

ஆடுகள் அவளை நெருங்கியதும் இரண்டாகப் பிரிந்தன. இடப்பக்கம் போனவை அவளுடைய சேலையை உரசிக்கொண்டு போயின. வலப்பக்கத்தவை ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு, வாய்க்கால் சரிவில் கால் வழுக்க வழுக்க இறங்கிப் போயின. நல்லகாமன் கம்பைத் தட்டி அதட்டினார். ஒன்றும் மேலே ஏறவில்லை.

"சனியனுகளுக்கு என்ன கேடுன்னு தெரியலயே" என்று முனகியவர், வெட்டவெளியாய் இருந்த அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே நடையைக் கட்டினார்.

வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். எல்லா லைட்டையும் போட்டாள், டிவியையும் போட்டாள். காளவாசலில் இருக்கிற பவதாரிணிக்கு போன் போட்டாள். பழைய ஆபீஸ் தோழி, வயதில் இளையவள். ஆடு விலகியதைச் சொல்லவில்லை. சிலந்தி பார்க்காததை மட்டும் சொன்னாள்.

"அதுகளுக்கும் உங்க மூஞ்சி சலிச்சுப் போச்சாக்கா?" என்று சிரித்தவளுக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். குரல் இறங்கியது. "அக்கா, இங்க வந்துருங்க. நான் வண்டிய எடுத்துட்டு வாரேன். பிள்ளைகளோட படுத்துக்கிரலாம்."

வா என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அங்கே போகலாம். சோறு, சிரிப்பு, பாயில் பக்கத்தில் ஒரு குழந்தை. விடிந்ததும் இந்தக் கதவைத் திறந்து இதே வீட்டுக்குள் தனியாக நுழைய வேண்டும்.

"வேணாம்டி. போனா, திரும்பி வரணும்ல" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

டியூப்லைட் பட்டிக்குக் கீழே சுவரில் ஒரு சிலந்தி நடந்து வந்தது. எல்லா வீட்டிலும் திரிகிற சாதாரண ஈப்புலி. அவளுடைய முகத்துக்கு நேரே வந்து நின்றது. தன்னை அறியாமல் கேமராவை எடுத்தாள். லென்ஸுக்குள் அந்த இரண்டு கறுப்புக் கண்களும் பெரிதாயின.

அவளைப் பார்க்கவில்லை. வலது தோளுக்கு மேலே.

டிவியை நிறுத்தினாள். மூச்சை அடக்கினாள்.

கேட்டது. இழுப்பதும் விடுவதும். வெகு அருகில். அவளுடைய காதோரத்து முடி ஒன்று எழுந்து, படிந்து, எழுந்தது. பீரோ வாடை.

ஓடலாம். கதவு நாலு எட்டுதான். கால் வரவில்லை. பயம்தான். ஆனால் அதற்கடியில் இன்னொன்றும் இருந்தது. அதை நினைத்துத்தான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. இந்த வீட்டில் இன்னொருவர் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று.

திரும்பாமலே, அம்மாவோடு போன அந்த மொழியில், சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

மூச்சு நின்றது.

போகவில்லை. வெதுவெதுப்பு கழுத்திலேயே இருந்தது. இழுத்த மூச்சு வெளியே வரவில்லை, அவ்வளவுதான். அடக்கிக்கொண்டிருந்தது.

எதற்காக அடக்குவார்கள் என்று மீனலோசனிக்குத் தெரியும். மிகக் கிட்டத்தில் போகும்போது. எதிரே இருப்பது கலைந்துவிடாமல் இருக்க.

காதோர முடி அசையவில்லை. வீட்டில் எதுவும் அசையவில்லை. லென்ஸுக்குள் சிலந்தியின் முகம் மட்டும், உயரத்திலிருந்து குனிந்து வருகிற ஒன்றை விடாமல் பார்க்கிறாற்போல, அவளுடைய தோளுக்கு மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது.