பெரட்டில் இரண்டு குரல்

1949இல் மலாயாவில் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்குக் கணக்கெழுதும் கிராணியாக வந்தேன். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது என் முதல் வேலை. காட்டிலிருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வந்த அவசரகாலம். ஐ.சி. என்ற அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரைத்தான் கூப்பிட வேண்டும் என்று போலீஸ் சொல்லிவிட்டது. அதுவரை பட்டப்பெயரே போதுமாயிருந்ததாம்.

“சாமிக்கண்ணு.”

“இருக்கேன்” என்றது ஒரு குரல். அதன் பிறகுதான் சாமிக்கண்ணு வாயைத் திறந்து, “இருக்கேன்” என்றார்.

முதல் குரல் தரைக்கு அடியிலிருந்து வந்தது.

எவனோ கேலி செய்கிறான் என்று எரிந்து விழுந்தேன். யாரும் சிரிக்கவில்லை. ரப்பர் பால் வாளியும் கையுமாக எல்லோரும் தரையையே பார்த்தார்கள். ஈரச் செங்கல் வாடை அடித்தது. ரப்பர் காட்டில் அந்த வாடைக்கு என்ன வேலை?

நான்காம் நாள் சாமிக்கண்ணு ஆபீசுக்கு வந்தார். தோட்டத்தில் அவருக்கு ரங்கூனார் என்று பெயர்.

“அது என் பேரில்லீங்க கிராணி ஐயா.”

முப்பதாம் வருஷம் பூமி குலுங்கியபோது அவர் ரங்கூன் துறைமுகத்தில் கூலி. தங்கியிருந்த மாடிவீடு அப்படியே உட்கார்ந்துவிட்டது. இடிபாட்டுக்கு அடியில் கூட்டாளி சாமிக்கண்ணு. பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் “இருக்கேன்” என்று பதில் வந்தது. ஆனால் இவர் கைக்கு முதலில் கிடைத்தது அவனுடைய தகரப்பெட்டி. உள்ளே பினாங்குக் கப்பல் சீட்டு. கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, பெட்டியோடு நடந்துவிட்டார். அவன் பெயரிலேயே கப்பலேறினார்.

“பத்தொம்பது வருஷமா யாரும் அந்தப் பேரைக் கூப்பிடல. எழுதிக்குங்க, கூப்பிட மட்டும் வேணாம். நாளுக்கு நாள் மேல வர்றான்.”

பாவமாக இருந்தது. இரண்டு நாள் கூப்பிடாமலே குறித்துக்கொண்டேன். கீழே சத்தமில்லை.

மூன்றாம் நாள் போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்து என் பக்கத்தில் நின்றார். ஒரு பெயர் விட்டுப்போனாலும் அந்த ஆளைக் காட்டுக்காரர்களின் கூட்டாளி என்று பிடிப்பார்கள். மறைத்த எனக்கும் சிறைதான். ரங்கூனார் வேண்டாமென்று தலையசைத்தார். எனக்கு என் பயம்தான் பெரிதாகப் பட்டது.

“சாமிக்கண்ணு.”

“இருக்கேன்.”

மிக அருகில்.

தரை அதிர்ந்தது. வாளிகள் ஒன்றோடொன்று மோதின. சுமத்ராவில் எங்கோ பூமி அசைந்திருக்கும் என்றார் இன்ஸ்பெக்டர். புழுதி அடங்கியபோது ரங்கூனார் நின்ற இடத்தில் அவருடைய வாளி மட்டும் இருந்தது. விளிம்புவரை செங்கல் தூள்.

ஓடிவிட்டான் என்று எழுதிக்கொண்டு போனார்கள். நான் கூப்பிட்டிருக்கக் கூடாது.

மறுநாள் வேலாயியைக் கூப்பிட்டேன். பட்டியலில் அடித்துவிட்ட பெயரைத் தாண்டி வீரப்பனைக் கூப்பிட வாயெடுத்தேன்.

“இருக்கேன்” என்றது கீழிருந்து அந்தக் குரல்.

“இருக்கேன்” என்றது இன்னொரு குரல், அதுவும் கீழிருந்து. அது ரங்கூனாருடையது.